நத்தைக்கு வைத்த குறி: எத்தியோப்பிய விஞ்ஞானி அக்லிலு லெம்மா யார்?

காய்ச்சல் என்றால் மாத்திரை. வயிற்றில் பூச்சி என்றால் பூச்சி மருந்து. ஒட்டுண்ணி நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது இவ்வளவுதான். ஆனால், ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களை வாட்டும் ஒரு ஒட்டுண்ணி நோயைத் தடுக்க, மனிதர்களை விட்டுவிட்டு நத்தையைக் குறிவைத்தார் ஒரு விஞ்ஞானி. அதற்கு அவர் நம்பியது வெளிநாட்டு ரசாயனத்தை அல்ல. ஆற்றங்கரையில் பெண்கள் துணி துவைக்கப் பயன்படுத்திய ஒரு காயை.

அவர் பெயர் அக்லிலு லெம்மா. எத்தியோப்பியாவில் 1935-இல் பிறந்தவர். அந்தக் காயின் சக்தியைக் கண்டுபிடித்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதை உலகம் ஏற்க வைக்க மீதி வாழ்நாள் முழுக்கப் போராடினார். 1997-இல் அவர் இறந்தபோதும் அந்தப் போராட்டம் முடிந்திருக்கவில்லை.

பெயரைப் பற்றி ஒரு விஷயம். எத்தியோப்பியர்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. நாம் அப்பா பெயரை இனிஷியலாக முன்னால் போடுவோம். அவர்கள் அப்பா பெயரை முழுதாகப் பின்னால் போடுவார்கள். எனவே, இவருடைய பெயர் அக்லிலு. லெம்மா என்பது அப்பா பெயர்.

நத்தைக் காய்ச்சல் என்றால் என்ன?

அக்லிலு எதிர்த்த நோயின் பெயர் சிஸ்டோசோமியாசிஸ். 'பில்ஹார்சியா' என்றும் சொல்வார்கள். 1851-இல் கெய்ரோவில் இந்தப் புழுவைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ் பெயரால் வந்தது அது. 'நத்தைக் காய்ச்சல்' என்ற பெயரும் உண்டு. எகிப்திய மம்மிகளிலேயே இந்தப் புழுவின் முட்டைகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழைய நோய்.

இது பரவும் விதத்தைப் புரிந்துகொண்டால்தான் அக்லிலு ஏன் நத்தையைக் குறிவைத்தார் என்பது புரியும்.

நோய் உள்ளவரின் மலத்திலோ சிறுநீரிலோ புழுவின் முட்டைகள் வெளியே வருகின்றன. அவை ஆற்றிலோ குளத்திலோ கலந்தால், முட்டை உடைந்து நுண்ணிய இளம்புழு வெளிவருகிறது. அதற்கு உடனே ஒரு குறிப்பிட்ட வகை நன்னீர் நத்தை கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு நாளுக்குள் செத்துவிடும். நத்தைக்குள் புகுந்துவிட்டால் கதையே வேறு. ஒன்று ஆயிரக்கணக்கில் பெருகி மீண்டும் தண்ணீருக்கு வரும்.

அந்தத் தண்ணீரில் யார் கால் வைத்தாலும் போதும். புழு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீரைக் குடிக்கக்கூட வேண்டாம். உள்ளே போன புழுக்கள் ரத்தக் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடும். அந்த முட்டைகள் கல்லீரலிலும் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் சிக்கிப் புண்ணாக்கும். ரத்தசோகை வரும், வயிறு வீங்கும், குழந்தைகளின் வளர்ச்சி குன்றும்.

மருந்து கொடுத்து உடம்பில் உள்ள புழுவைக் கொல்லலாம். ஆனால், குணமானவர் மறுநாள் அதே ஆற்றில் இறங்கினால்? மறுபடி முதலில் இருந்து. வீட்டில் குழாய் இல்லாத ஊரில் ஆற்றில் இறங்காதே என்று யாரிடம் சொல்ல முடியும்? அதனால்தான் சங்கிலியின் நடுவில் இருக்கும் நத்தை முக்கியம். நத்தை இல்லாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

இந்தியாவில் இந்த நோய் பரவலாக இல்லை. 1950-களில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள கிம்வி கிராமத்தில் கண்டறியப்பட்டது. அதனாலேயே இதன் பெயர் நமக்கு அதிகம் பழக்கமில்லை.

அட்வா ஆற்றில் மிதந்த நத்தைகள்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அக்லிலு. 1964-இல் வடக்கு எத்தியோப்பியாவின் அட்வா நகரில் கள ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1896-இல் இத்தாலியப் படையை எத்தியோப்பியா தோற்கடித்தது இந்த அட்வாவில்தான். அந்த நாட்டுக்காரர்களுக்கு இது சாதாரண ஊர் அல்ல.

எந்த ஓடையில் எவ்வளவு நத்தை இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஓரிடத்தில் மட்டும் செத்த நத்தைகள் அதிகமாக மிதப்பதைக் கவனித்தார். கொஞ்சம் மேலே பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சோப்புக்குப் பதில் அவர்கள் பயன்படுத்தியது 'எண்டோட்' என்ற காய்.

எண்டோட் ஒரு புதர்ச்செடி. கொத்துக் கொத்தாகச் சிறு காய்கள் காய்க்கும். அவற்றை உலர்த்திப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் நன்றாக நுரைக்கும். எத்தியோப்பியர்களின் வெள்ளைப் பருத்தி ஆடைகளைத் தலைமுறை தலைமுறையாக வெளுத்தது இதுதான். நம்ம ஊர் பூந்திக்கொட்டை, சீயக்காய் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இவை எல்லாம் நுரைப்பதற்குக் காரணம் 'சப்போனின்' என்ற இயற்கைப் பொருள்.

அந்த ஆற்றங்கரை வழியாக எத்தனையோ பேர் போயிருப்பார்கள். துவைக்கும் இடத்தையும் செத்த நத்தைகளையும் சேர்த்துப் பார்த்தவர் அக்லிலு. உயிருள்ள நத்தைகளை அந்த நுரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். செத்தன. காய்களைத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு எடுத்துப் போய், அளவு மாற்றி மாற்றி ஆய்வகத்தில் சோதித்தார். அங்கேயும் அதே முடிவு.

1966-இல், சுமார் 30 வயதில், அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தில் நோய் உயிரியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வெளிநாட்டில் படித்த ஆராய்ச்சியாளர்கள் நாடு திரும்பி வேலை செய்ய ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்டோட் ஆராய்ச்சியின் மையமாக அதுவே ஆனது.

துவைக்கும் முறையிலேயே இருந்த வேதியியல்

காயில் உள்ள எந்தப் பொருள் நத்தையைக் கொல்கிறது? இதைக் கண்டறியும் வேலை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்குள்ள வேதியியலாளர்கள் எண்டோட்டிலிருந்து சில சப்போனின்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு 'லெம்மாடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள். எத்தியோப்பிய வழக்கப்படி பார்த்தால், அந்த மூலக்கூறுக்குக் கிடைத்தது அக்லிலுவின் அப்பா பெயர்!

பிற்கால ஆய்வுகள் இன்னொரு சுவாரஸ்யமான விஷயத்தைச் சொல்லின. முழுக்காயில் அந்தச் சப்போனின்கள் பெரும்பாலும் வீரியம் இல்லாத வடிவத்தில்தான் இருக்கின்றன. காயை நசுக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைக்கும்போது, காயிலேயே இருக்கும் ஒரு நொதி வேலை செய்து அவற்றை வீரியமுள்ளவையாக மாற்றுகிறது. ஆல்கஹால் போன்ற கரைப்பான்களில் போட்டால் அந்த மாற்றம் நடக்காது; நத்தையும் சாகாது.

அதாவது, ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் கரைப்பானைவிட, அட்வா பெண்களின் நசுக்கி ஊறவைக்கும் முறைதான் சரியான முறை. அவர்கள் நத்தையைக் கொல்வதற்காக அப்படிச் செய்யவில்லை. ஆனால், சரியாகச் செய்திருந்தார்கள்.

5 ஆண்டுச் சோதனை

ஆய்வகத் தொட்டியில் நத்தை சாவது ஒன்று. ஊரில் நோய் குறைவது வேறு. அதைப் பார்க்க 1969 முதல் 5 ஆண்டுகள் அட்வாவிலேயே ஒரு சோதனை நடந்தது. ஊரைச் சுற்றியுள்ள ஓடைகளில் எண்டோட் பொடியைத் தொடர்ந்து கலந்தார்கள். மக்களிடம் நோய் எவ்வளவு இருக்கிறது என்று முன்னும் பின்னும் பரிசோதித்தார்கள்.

தொடங்கும்போது ஊரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு நோய் இருந்தது. முடியும்போது அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பெரியவர்கள் உடம்பில் பழைய புழுக்கள் ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பதால், உண்மையான பலனைச் சின்னக் குழந்தைகளிடம்தான் பார்க்க வேண்டும். அங்கே 50 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக இறங்கியது.

அந்தக் காலத்தில் நத்தைகளைக் கொல்ல உலகம் முழுவதும் பரிந்துரைக்கப்பட்ட ரசாயனம் நிக்லோசமைடு. நல்ல மருந்துதான். ஆனால், விலை அதிகம். டாலர் கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டும். நோய் அதிகம் உள்ள நாடுகளிடம் இல்லாதது அந்த டாலர்தான். எண்டோட்டோ வேலியோரம் வளர்வது. விவசாயியே வளர்க்கலாம், ஊரே பொடிக்கலாம்.

ஆதாரம் இருந்தும் ஏன் ஏற்கவில்லை?

இந்த இடத்தில்தான் அக்லிலுவின் வாழ்க்கை சிக்கிக்கொண்டது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு பொருளைப் பரிந்துரைக்க வேண்டுமானால் அதன் நச்சுத்தன்மை பற்றிய முழு விவரம் வேண்டும். மனிதர்கள் குளிக்கும், குடிக்கும் தண்ணீரில் கலக்கப் போகும் பொருள் அல்லவா? கேட்பது நியாயம்தான். அதுவும் எண்டோட்டுக்குக் குறைகள் இருந்தன. மீன்களையும் கொல்லும். நத்தையின் முட்டைகளை அழிக்காது என்பதால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். செடிக்குச் செடி வீரியம் மாறும்.

பிரச்சினை எங்கே என்றால், அந்தப் பரிசோதனைகளைச் சர்வதேசத் தரச்சான்று பெற்ற ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட ஆய்வகங்கள் இருந்தது பணக்கார நாடுகளில். செலவும் பெரியது. வழக்கமாக இந்தச் செலவை மருந்து கம்பெனிகள் ஏற்கும். பிறகு விற்று எடுத்துவிடும். ஆனால், வேலியில் வளரும் செடியை யாருக்கு விற்பது? லாபம் இல்லாத இடத்தில் எந்தக் கம்பெனி பணம் போடும்?

சோதனை இல்லாததால் அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லாததால் பணம் இல்லை. பணம் இல்லாததால் சோதனை இல்லை. இந்த வட்டத்தில் ஆண்டுகள் ஓடின.

இதற்கு நடுவே நாட்டின் நிலையும் மாறியது. 1974-இல் மன்னர் ஹைலி செலாசியின் ஆட்சி கவிழ்ந்து ராணுவ ஆட்சி வந்தது. அக்லிலு பிறகு ஐ.நா. அமைப்புகளில் பணியாற்றினார். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள யுனிசெஃப் குழந்தைகள் ஆய்வு மையத்தின் துணை இயக்குநராகவும் இருந்தார். வேலை மாறினாலும் எண்டோட்டை விடவில்லை.

உள்ளூரில் அந்த வேலையை முன்னெடுத்தவர் வேளாண் விஞ்ஞானி லெகெஸ்ஸே வோல்டே-யோஹானஸ். எத்தியோப்பியாவின் பல பகுதிகளிலிருந்து எண்டோட் செடிகளைச் சேகரித்து, வளர்த்து, ஒப்பிட்டுப் பார்த்தார். அதிக வீரியமும் பூச்சிகளைத் தாங்கும் திறனும் கொண்ட 'வகை 44' அப்படித்தான் தேர்வானது. செடிக்குச் செடி வீரியம் மாறுகிறது என்ற குறைக்கு அதுவே பதில்.

1986-இல் அன்றைய ஸ்வாசிலாந்தில், அதாவது இன்றைய எஸ்வாட்டினியில், எண்டோட் ஆராய்ச்சியாளர்கள் கூடினார்கள். என்னென்ன நச்சுத்தன்மைப் பரிசோதனைகள் தேவை என்று பட்டியல் போட்டு நிதி தேடினார்கள். கடைசியில் கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் உதவிக்கு வந்தது. சர்வதேச விதிகளின்படி பரிசோதனைகள் நடந்தன. கண்ணில் பட்டால் எரிச்சல் தரும் என்பதைத் தவிர, பாலூட்டிகளுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று முடிவு வந்தது. அட்வா ஆற்றங்கரைக்கும் இந்த முடிவுக்கும் இடையே சுமார் கால் நூற்றாண்டு போயிருந்தது.

1989-இல் அக்லிலுவுக்கும் லெகெஸ்ஸேவுக்கும் சேர்த்து 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

அமெரிக்க ஏரிக்குப் போன எத்தியோப்பியக் காய்

கதையில் ஒரு திருப்பம் 1990-இல் வந்தது. கௌரவ டாக்டர் பட்டம் பெற அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்துக்குப் போனார் அக்லிலு. ஈரி ஏரிக் கரையில் உள்ள நகரம் அது. அப்போது அந்தப் பகுதியே 'வரிக்குதிரைச் சிப்பி' என்ற சின்னச் சிப்பியால் திணறிக்கொண்டிருந்தது. 1980-களில் கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீர் வழியாக ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த சிப்பி அது. குடிநீர்க் குழாய்களிலும் மின் நிலையக் குழாய்களிலும் அடுக்கடுக்காக ஒட்டி அடைத்துக்கொண்டது.

நத்தையும் சிப்பியும் மெல்லுடலிகள் என்ற ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. நத்தையைக் கொல்வது சிப்பியைக் கொல்லாதா? சோதித்துப் பார்த்தார்கள். கொன்றது.

ஆப்பிரிக்கக் குழந்தைகளின் நோய்க்குப் பல ஆண்டுகள் நிதி தேடி அலைந்த காய், அமெரிக்கக் குழாய் அடைப்புக்குத் தீர்வாகலாம் என்றதும் சட்டென்று மதிப்புப் பெற்றது. 1993-இல் எண்டோட் சாற்றைக் கொண்டு வரிக்குதிரைச் சிப்பிகளைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. உரிமை டொலிடோ பல்கலைக்கழகத்துக்கு. கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் அக்லிலுவின் பெயரும் இருந்தது.

இது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. செடி எத்தியோப்பியாவுடையது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவு அந்த நாட்டுப் பெண்களுடையது. வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு? தாவர வளமும் பாரம்பரிய அறிவும் கொள்ளை போவதற்கு உதாரணமாக எண்டோட்டைச் செயற்பாட்டாளர்கள் காட்டினார்கள். மறுபக்கம், சிப்பிக்கு எதிரான பயன்பாடு புதியது, அதைக் கண்டறிந்தவர்களில் எத்தியோப்பியரும் உண்டு என்ற வாதமும் இருந்தது.

இந்தியாவிலும் அதே ஆண்டுகளில் இதே கேள்வி எழுந்தது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாட, 1997-இல் அது ரத்தானது. நம்மிடம் பழைய நூல்களும் ஆவணங்களும் ஆதாரமாக இருந்தன. அட்வா பெண்களின் அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதல்ல. அது அவர்களுடைய கைகளில்தான் இருந்தது.

இன்று என்ன நிலை?

சிப்பிகளுக்கு எதிராக எண்டோட் பெரிய அளவில் சந்தைக்கு வரவில்லை. நத்தைகளுக்கு எதிராகவும் நாடு தழுவிய திட்டமாக மாறவில்லை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் நத்தைக்கொல்லி இன்றும் நிக்லோசமைடுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. 1970-களில் 'பிராசிகுவான்டெல்' என்ற மாத்திரை வந்தது. பெரும்பாலும் ஒரே வேளை மருந்தில் உடம்பில் உள்ள புழுக்களைக் கொல்லும் இந்த மாத்திரையின் விலையும் பிறகு வெகுவாகக் குறைந்தது. 2007 முதல் அதைத் தயாரிக்கும் ஜெர்மன் நிறுவனமே உலக சுகாதார நிறுவனம் வழியாக இலவசமாகவும் தருகிறது. மாத்திரை இருக்கும்போது நத்தையைத் துரத்துவானேன் என்று உலகின் கவனம் திரும்பிவிட்டது.

மாத்திரை கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியது உண்மை. ஆனால், அது மறுதொற்றைத் தடுப்பதில்லை. 2021-இல்கூட 25 கோடிக்கும் அதிகமானவர்களுக்குத் தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆப்பிரிக்காவில் வாழ்பவர்கள். மாத்திரை மட்டும் போதாது. சுத்தமான தண்ணீரும் கழிப்பறையும் நத்தைக் கட்டுப்பாடும் சேர்ந்தால்தான் நோய் ஒழியும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அக்லிலு 1964-இல் தொடங்கிய இடத்துக்கே உலகம் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது.

அடிஸ் அபாபாவில் அவர் தொடங்கிய நிறுவனம் இன்று அவர் பெயரிலேயே இயங்குகிறது. அங்கே எத்தியோப்பியர்கள் தங்கள் நாட்டு நோய்களைத் தங்கள் நாட்டிலேயே ஆராய்கிறார்கள். எண்டோட் வென்றதா, தோற்றதா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்றை அவர் வாழ்க்கை விட்டுச் சென்றிருக்கிறது. ஏழை நாட்டில், ஏழைகளின் நோய்க்கு, ஏழைகளின் கையில் இருக்கும் பொருளிலேயே தீர்வு கிடைத்தால், அதைச் சோதித்துப் பார்க்கும் செலவை யார் ஏற்பது? எண்டோட்டுக்கு அந்தப் பதில் கிடைக்க 25 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அட்வா ஓடைகளில் விளையாடிய குழந்தைகள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள்.